போனிலிருந்து பம்புசெட்: கருவி பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, நடு இரவில் டார்ச் விளக்குடன் கிணற்று மேட்டுக்கு நடக்கும் சிரமம் சூலூர், அன்னூர், பல்லடம் பகுதி விவசாயிகளுக்குப் புதிதல்ல. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் பலருக்கும் பழக்கமானதே. ரீசார்ஜ் செலவு இல்லாமல், சாளையிலிருந்தே மோட்டாரை இயக்க இன்னொரு வழியும் உண்டு.

2016-ல் வெளிவந்த இ.எஸ்.பி.32 என்ற சிப் 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. இது தானே வைபை அலையை அனுப்பும். போனை அந்த வைபையில் இணைத்து 192.168.4.1 என்று பிரவுசரில் தட்டினால் 'ஓட்டு', 'நிறுத்து' என இரு பொத்தான்கள் உள்ள பக்கம் திறக்கும். பக்கம் சிப்புக்குள்ளேயே இருப்பதால் இன்டர்நெட் தேவையில்லை. கருவியை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்தால் அலை வெளியே வராது. தனி பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. கிணறு வெகு தூரமென்றால் இது உதவாது. சிம் கருவிதான் சரி.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைச் சில நூறு ரூபாய்ச் சாமான்களில் செய்து தருகிறார்கள். தவறு பெரும்பாலும் வயரிங்கில்தான் நேர்கிறது. மோட்டாருக்குப் போகும் வயரைத் தொடக் கூடாது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே. அது ஓரிரு விநாடி மட்டுமே சேர வேண்டும். சிவப்புப் பொத்தானுடன் தொடராக இன்னொன்று. இப்படிச் செய்தால் ஓவர்லோடு ரிலேயும், ஒருமுனை போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் வழக்கம்போல் காக்கும். தோட்டத்து ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட். போர்டில் வரும் சிறிய நீல ரிலேயோ 250 வோல்ட்டுக்கே உரியது. ஆகவே 24 வோல்ட் காயிலும் 415 வோல்ட் தாங்கும் முனைகளும் கொண்ட துணைக் காண்டாக்டரை நடுவில் வைப்பது அவசியம். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

செய்து தருபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பக்கத்தின் முகவரியிலேயே 'ஓட்டு' என்ற கட்டளையைச் சேர்த்து எழுதுவது எளிய வழி. பாடப் புத்தக உதாரணங்களும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மூடிய பக்கத்தைப் போன் மறுநாள் தானே திறந்தால், அதே முகவரி மீண்டும் போய் மோட்டார் ஓடிவிடும்! பார்க்கும் பக்கம் வேறு, கட்டளை வேறு என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும்.

'மோட்டார் ஓடுகிறது' என்று பக்கம் காட்டுவதை அப்படியே நம்பவும் கூடாது. பல கருவிகள் பொத்தானை அமுக்கியதை மட்டுமே சொல்கின்றன. மோட்டார் வயரில் கரண்ட் அளக்கும் சி.டி. சுருளை மாட்டினால் ஓடுவது உண்மையாகத் தெரியும். தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றும்போது கரண்ட் குறைவதால், அதை வைத்தே நிறுத்தவும் செய்யலாம்.

வைபையின் ரகசியச் சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016-ல் 'மிராய்' என்ற கணினி நச்சு, கம்பெனி வைத்த சொல்லை மாற்றாத கேமராக்களைத்தான் உலகெங்கும் கைப்பற்றியது.

கிணற்றில் இறங்கி வேலை பார்க்கும்போது போனில் 'நிறுத்து' அமுக்கியது போதாது. சாளையில் குழந்தை விளையாட்டாகப் பொத்தானைத் தொடலாம். மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, இறங்குபவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.