பதுளைத் தோட்டங்களும் நாணயமாற்றும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர், தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்ததைத் தமிழகத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பிவந்த முறை பொருளியல் மாணவர் கருதத்தக்கதொன்றாம். 1872 முதல் இந்திய ரூபாவே இலங்கையின் நாணயமாய் விளங்கியமையின், மாற்றுக்கூலி என்னும் இடர் நெடுங்காலம் எழவில்லை. அஞ்சற் காசுக்கட்டளை ஒருபுறமிருக்க, வணிகரின் உண்டியலும் வழங்கிற்று. பதுளைக் கடையில் தொழிலாளி செலுத்திய தொகைக்குக் கடிதமொன்று புறப்படும். அதனைக் கண்டு அக்கரைப் பங்காளி தன் கைப்பொருளைக் கொடுப்பார். இருவர் கணக்கும் பின்னர் அரிசி, துணி வாணிகத்தில் நேர்செய்யப்படும். காசு கடல் கடவாத இம்முறைக்கு நம்பிக்கையே பிணை. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்பின் அனுமதியற்ற உண்டியல் குற்றமாயிற்று. ஏமாற்றப்பட்டவன் முறையிடவும் இடமின்றி நின்றான்.

இரு நாட்டு ரூபாக்களும் 1966 யூன் வரை சமமதிப்பின. அம்மாதம் 6ஆந் திகதி இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைக்க, இலங்கை ரூபா ஒன்றுக்கு இந்திய ரூபா 1.57 ஆயிற்று. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்தபோது அது 1.26 ஆகத் தாழ்ந்தது. இந்தியா செல்லும் குடும்பம் கொண்டுபோகத்தக்க உச்சத்தொகையை 4,000 ரூபாவினுங் குறைத்தலாகாது என்பது 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை. அத்தொகை ஓராண்டில் 6,300 இந்திய ரூபா. மறு ஆண்டில் ஏறக்குறைய 5,040. உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டமோ 1967இலேதான் நிறைவேறிற்று. பெரும்பாலோர் அதன்பின்னரே கப்பலேறினமையின், உயர்ந்த மாற்று அவர்க்குக் கிட்டிற்றில்லை. 1977 நவம்பரில் இலங்கை ரூபா மேலும் வீழ்ந்து, இந்திய ரூபாவின் அரைப்பங்களவே பெறுமதி பெற்றது. தலைமன்னார்க் கப்பல் 1984 வரை ஓடிற்று. கடைசி ஆண்டுகளிற் சென்றோரின் சேமலாப நிதி இத்தாழ்ந்த மாற்றிலேயே அக்கரை சேர்ந்தது.