அப்பாவின் றலி

1995 இடப்பெயர்வில் அரிசி மூட்டையைக் கரியரிலும் தங்கையைப் பாரிலும் சுமந்தது அப்பாவின் றலி சைக்கிள். இங்கிலாந்தில், நொட்டிங்ஹாம் நகரில் செய்த உருக்குச் சைக்கிள் அது.

அப்பா காலமான பின் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அதை எடைக்குக் கேட்டார். கைச்செலவுக்குக் காசில்லாத நேரம். ஆனாலும் மனம் வரவில்லை. மண்ணெண்ணெயால் அழுக்கைத் துடைத்தேன். அலுமினியத் தாளை நனைத்து ஹாண்டிலைத் தேய்த்தேன். துரு போய்க் குரோம் மின்னியது. முன்கழுத்தில் நாரைச் சின்னமும் தெரிந்தது.

சகோதரிகளே, நொட்டிங்ஹாமில் றலித் தயாரிப்பு 2002இல் நின்றுவிட்டது. பழையதைத் தேடி வாங்குவோர் உண்டு. விற்பதானாலும் எடைக்கு விற்காதீர்கள். புதுப் பெயின்ற் பூசாதீர்கள். பழைய பூச்சுக்கும் சின்னத்துக்குமே மதிப்பு. பிறேக் கம்பி, செயின் கவர் எதையும் எறியாதீர்கள்.

நான் விற்கவில்லை. ரயரும் பிறேக் கட்டையும் மாற்றினேன். “பெண்பிள்ளைக்குப் பார் சைக்கிளா?” என்று கேட்டவர்களும் உண்டு. மகள் அதில்தான் ரியூசனுக்குப் போகிறாள்.