குதிகாலுக்கு விடுதலை

செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியின் முழுப் பொருளையும் உணர வேண்டுமானால், வெயிலையே அறிந்த நாம் சற்று நேரம் பனிமலைத் தேசங்களுக்கு மனத்தினால் பிரயாணம் செய்ய வேண்டும். அங்கே ‘டெலிமார்க்’ என்னும் முறையில் பனிச்சறுக்கு ஆடுவோர் தங்களுக்குப் பூட்ஸ் தேடுவதில் படும் கவலை, நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் தேடுவோர் படும் கவலைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

பனிச்சறுக்கு என்பது, நீண்ட மெல்லிய இரண்டு பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பனி மூடிய சரிவுகளில் வழுக்கி இறங்குவது. பெரும்பாலோர் ஆடும் மலைச்சறுக்கில் பூட்ஸின் நுனியும் குதியும் பலகையோடு இறுகப் பூட்டப்படுகின்றன. டெலிமார்க் முறையிலோ முன்பாதம் மாத்திரமே பூட்டப்படுகிறது. குதிகால் சுயேச்சையாக மேலெழும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு காலை முன்னே செலுத்தி, மற்றொரு காலின் குதியைத் தூக்கி, மண்டியிடுவதுபோல் தாழ்ந்து அழகாக வளைகிறார்கள்.

இம்முறைக்குப் பெயர் தந்தது நார்வே தேசத்தின் டெலிமார்க் பிரதேசம். அங்கே மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825-ஆம் ஆண்டில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தவர் ஸோன்ட்ரே நூர்ஹைம். இவர் மிலாறுகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பலகை காலை விட்டு நழுவாதபடி செய்தார். 1868-இல் இன்றைய ஆஸ்லோவாகிய கிறிஸ்டியானியா நகரத்துப் போட்டியில் இவருடைய லாகவத்தைக் கண்டு நகரத்தார் பிரமித்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறி, 1897-இல் அங்கேயே காலமானார். 1952-இல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, அதற்குரிய தீபத்தை இவர் பிறந்த வீட்டு அடுப்பிலிருந்தே ஏற்றினார்கள்.

வெகுகாலம் வரை டெலிமார்க் பூட்ஸ் தோலினாலேயே செய்யப்பட்டது. தோல் காலோடு வளையும்; ஆனால் ஈரத்தில் ஊறித் தளர்ந்துவிடும். 1992-இல் இத்தாலியின் ஸ்கார்ப்பா கம்பெனியார் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்தார்கள். இது உறுதியாக நின்று பலகையை அடக்கும். ஆனால் உறுதியான பொருள் எளிதில் மடியாதே! ஆகையால் விரல்களுக்குப் பின்னே, கொல்லன் துருத்தியில் இருப்பது போன்ற மடிப்புக்களை அமைத்தார்கள். டெலிமார்க் பூட்ஸின் ஜீவநாடி இந்தத் துருத்தி மடிப்பேயாகும்.

தேர்ந்தெடுக்கும் விதம் இதுதான். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குச் செல்வது நலம். முதலில் மெத்தென்ற உள்ளுறையை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டில் காலை நுழைத்து, விரல்கள் முன்புறத்தைத் தொடும்படி நிற்க வேண்டும். குதிக்குப் பின்னே ஒன்று அல்லது இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். பிறகு உள்ளுறையை இட்டு, பக்கிள்களைப் பூட்டி, குதியைத் தூக்கி மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். பாதம் இயற்கையாக மடியும் இடத்திலேயே துருத்தியும் மடிய வேண்டும். முன்னே தள்ளி மடிந்தால் விரல்களை நசுக்கும். பின்னே மடிந்தால் உள்ளங்காலை வருத்தும். வெறுமனே நின்று பார்த்து ‘சுகமாயிருக்கிறது’ என்று வாங்குகிறவர் மலைமேல் வருந்துவார். மேலும், பூட்ஸின் முன்புறம் இருவகைப்படும்: வாத்தின் அலகுபோல் 75 மில்லிமீட்டர் அகலத்தில் நீண்டிருக்கும் பழைய வகை ஒன்று, 2007-இல் வந்த அலகில்லாத புதிய வகை மற்றொன்று. ஒன்றுக்குரிய பூட்டில் மற்றது பொருந்தாது. ஆதலால் வீட்டிலுள்ள பலகையில் எந்தப் பூட்டு இருக்கிறது என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுப்பது பாதி, உடன் வாழ்வது மறுபாதி. ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் உள்ளுறையை வெளியே எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு அடுப்பின் அருகில் வைத்தால் அதன் உருவம் கெடும். ஓடு கோணாதிருக்கப் பக்கிள்களை லேசாகப் பூட்டி வைக்க வேண்டும். பருவந்தோறும் துருத்தியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா, திருகாணிகள் தளர்ந்தனவா என்று வெளிச்சத்தில் பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதை ஏன்? ஜனசஞ்சாரமற்ற மலையில் துருத்தி பிளந்துவிட்டால் பலகை வசப்படாது. பொழுது சாயும் வேளையில் இடுப்பளவுப் பனியில் நடந்தே திரும்ப நேரிடும். அளவுக்கு மீறி இறுகிய பூட்ஸோ இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கடுங்குளிரில் விரலையே இழக்கும்படியும் ஆகலாம். ஆகவே நண்பர் புகழ்ந்தார் என்றோ நிறம் கண்ணைப் பறித்தது என்றோ வாங்குவது சிறிதும் தகாது. நண்பர் புகழ்ந்தது தம் காலுக்குப் பொருந்திய பூட்ஸை அல்லவா? நம் காலின் சம்மதத்தை நம் காலிடந்தான் கேட்க வேண்டும். அதையும் நின்று கேட்காமல், மண்டியிட்டுக் கேட்க வேண்டும்.