பனி எப்போது நீளும், எப்போது அறும்?

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் குளிர்காலம் முழுக்கப் பனி அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது தன் எடையாலேயே சிறிது சிறிதாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது. கீழ்ப்பகுதி சற்று வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் நகர்ந்தால், இடைப்பட்ட பனி இழுபடும். அது நீளுமா, அறுந்துபோகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இழுக்கும் வேகம்தான். ஜவ்வுமிட்டாயை மெல்ல இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் துண்டாகிறது. பனியும் அப்படித்தான்.

பனி என்பது ஐஸ் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான வலை. புதுப்பனியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். மைனஸ் 10 டிகிரியில்கூட ஐஸ் தன் உருகுநிலைக்கு மிக அருகில் இருப்பதால், மணிகளுக்கு இடையிலான ஒட்டுகள் மெல்ல வளையும். அறுந்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுக்கும்போது அதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பனியை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்தாலே அந்த அவகாசம் போய்விடும். ஒட்டுகள் வரிசையாக அறுந்து, பனி கண்ணாடிபோல் உடையும்.

மலையில் இந்த உடைவை இரண்டு வகையாகப் பார்க்கலாம். வழுக்கலான புல்சரிவில், தரையோரம் ஈரம் கசிந்தால், பனி மொத்தமாகச் சறுக்கத் தொடங்கும். மேலே வாய் பிளந்ததுபோல் வெடிப்பு விழும். அந்தப் பனி சில மணி நேரத்தில் சரியலாம், வாரக்கணக்கில் அப்படியே நிற்கவும் செய்யலாம்.

இரண்டாவது வகை இன்னும் ஆபத்தானது. இறுகிய பனிப்பலகைக்கு அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருக்கும். பனிச்சறுக்கு வீரர் ஒருவரின் எடையே அதை நொறுக்கப் போதும். விரிசல் அந்த அடுக்கு வழியே நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பரவும். பிடிமானம் இழந்த பலகையின் முழு எடையும் மேல் விளிம்பை இழுக்க, பனி அங்கே சரிவுக்குச் செங்குத்தாக அறும். பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில் இது நடக்கிறது.

ஒரு வாரத்தில் பெய்யும் பனியைவிட அதே அளவு ஒரே இரவில் கொட்டும் பனி ஆபத்தானதாக இருப்பதும் இதனால்தான்: ஒட்டிக்கொள்ள அதற்கு நேரம் போதவில்லை. ஆகவே, நேற்று தாங்கிய சரிவு இன்றும் தாங்கும் என்று நம்பி ஏறக் கூடாது. வெடிப்பு விழுந்த பனிக்குக் கீழே நிற்கவே கூடாது.