தோற்றவருக்கு மந்திரி பதவி!

1954-ல் நடந்த ஒரு போட்டியின் கதை

தேர்தல் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கொடி, தோரணம், ஒலிபெருக்கி, ஓட்டுச் சாவடியில் நீண்ட வரிசை, விரலில் மை!

இவை ஒன்றும் இல்லாத தேர்தலும் உண்டு. அது ஒரே கூடத்துக்குள் நடந்து முடிந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள். ஒரே கொடியைப் பிடித்தவர்கள். ஒன்றாகச் சிறைக்குப் போனவர்கள். ஆனால், அன்று ஒரு நாள் மட்டும் அவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். அவர்கள் போடும் ஓட்டுதான் நாட்டை ஆளப் போகிறவர் யார் என்பதை முடிவு செய்யும்.

நாம் ஓட்டுப் போட்டு முதல் மந்திரியை நேராகத் தேர்ந்தெடுப்பது இல்லை. சட்டசபை உறுப்பினர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதிக இடங்களைப் பிடித்த கட்சியின் உறுப்பினர்கள் கூடி, தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரைக் கவர்னர் அழைத்து, மந்திரிசபை அமைக்கச் சொல்வார். எனவே, கட்சிக்குள் ஜெயிப்பவர்தான் முதல் மந்திரி.

பெரும்பாலும் இதில் போட்டி இருக்காது. ஒரு பெயரைச் சொல்வார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள், காரியம் முடிந்துவிடும். போட்டி வந்துவிட்டாலோ, பொதுத் தேர்தலை விடக் கடுமையாக இருக்கும். பங்காளிச் சண்டை அல்லவா!

3 ஓட்டு வித்தியாசம்

தமிழ்நாட்டுக் காங்கிரசில் இந்தப் பங்காளிச் சண்டை வெகு நாளாகவே இருந்தது. ஒரு பக்கம் ராஜாஜி. இன்னொரு பக்கம் தீரர் சத்தியமூர்த்தி. சத்தியமூர்த்தியின் சீடர் காமராஜர்.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. காமராஜர் நின்றார். ராஜாஜி தரப்பில் நின்றவர் கோவை சி.பி.சுப்பையா. காமராஜருக்கு 103 ஓட்டு. சுப்பையாவுக்கு 100 ஓட்டு. மூன்றே ஓட்டில் காமராஜர் தலைவரானார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 1936-ல் சத்தியமூர்த்தி தலைவராக இருந்தபோது, அவருக்குக் கீழே காரியதரிசியாக இருந்தவர் காமராஜர். 1940-ல் சீடர் தலைவரானதும், குரு காரியதரிசியானார்! இப்படி ஒரு குருவை இந்தக் காலத்தில் எங்கே போய்த் தேடுவது?

1946-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைய இருந்தது. ராஜாஜி வரவேண்டும் என்று மேலிடம் விரும்பியது. சென்னை உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முடிவில் ஆந்திர கேசரி பிரகாசமும், காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியாரும் போட்டியிட்டார்கள். பிரகாசத்துக்கு 82 ஓட்டு, முத்துரங்க முதலியாருக்கு 69 ஓட்டு.

பிரகாசம் பதவி ஏற்றார். ஆனால், ஓராண்டு முடிவதற்குள் கட்சிக்காரர்களே அவரை இறக்கிவிட்டார்கள். 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா வந்தார். மூன்று ஆண்டுக்குள் மூன்று பேர்! எதிர்க்கட்சி அவர்களைக் கவிழ்க்கவில்லை. எல்லாம் சொந்த வீட்டுச் சண்டை.

ராஜாஜி வந்தார், போனார்

1952 பொதுத் தேர்தலில் காங்கிரசுக்கு அடி விழுந்தது. 375 இடங்களில் 152 தான் கிடைத்தன. மந்திரிசபை அமைக்கவே திண்டாட்டம். "ராஜாஜியால்தான் முடியும்" என்று அவரை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபை உறுப்பினராக நியமித்தார். ராஜாஜி முதல் மந்திரியானார்.

1953-ல் கிராமங்களுக்கு ஒரு புதிய கல்வித் திட்டத்தை ராஜாஜி கொண்டுவந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகவேண்டும். இருக்கிற ஆசிரியர்களையும் கட்டிடத்தையும் வைத்துக்கொண்டு, இன்னும் அதிகமான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு.

ஜனங்கள் வேறு கணக்குப் போட்டார்கள். "சலவைத் தொழிலாளி மகன் துணி வெளுக்கவும், சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடிக்கவும்தானா?" என்று கேட்டார்கள். "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் விழுந்தது. பெரியார் எதிர்த்தார். தி.மு.கழகம் எதிர்த்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் பலரும் எதிர்த்தார்கள். ராஜாஜிக்கு எதிராக உறுப்பினர்களைத் திரட்டுவதில் டாக்டர் வரதராஜுலு நாயுடு முன் நின்றார்.

1954 மார்ச்சில் ராஜாஜி விலகுவதாக அறிவித்தார். உடல்நலம் சரியில்லை என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும்!

93-ம் 41-ம்

அடுத்த தலைவர் யார்?

பெரும்பாலோர் காமராஜர் பக்கம் பார்த்தார்கள். அப்போது அவர் சட்டசபை உறுப்பினர்கூட அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் ஜெயித்து, டெல்லி பார்லிமெண்டில் இருந்தார். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். மந்திரியாக ஒரு நாள்கூட இருந்தது இல்லை. ஆனால், தமிழ்நாட்டில் அவர் காலடி படாத ஊர் அபூர்வம்.

எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். கோவை மாவட்டத்துக்காரர். வக்கீலுக்குப் படித்தவர். ராஜாஜியின் மந்திரிசபையில் முக்கிய மந்திரி. சட்டசபையில் ராஜாஜிக்கு வலது கை. அவர் பெயரைப் பிரேரேபித்தவர் பக்தவத்சலம். அவரும் வக்கீல், அனுபவசாலி.

இந்தப் போட்டி இரண்டு மனிதர்களின் போட்டி மட்டும் அல்ல. கிராமத்துப் பையன் முழு நேரம் பள்ளியில் உட்காருவானா, பாதி நேரத்தில் எழுந்து போவானா என்பதும் இதில் அடங்கி இருந்தது. கூடத்துக்குள் போட்ட ஓட்டு, குக்கிராமத்துப் பிள்ளையின் சிலேட்டு வரை போகக் கூடியதாக இருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் ஓட்டு எடுத்தார்கள். காமராஜருக்கு 93. சுப்பிரமணியத்துக்கு 41.

காமராஜர் ஜெயித்தார். ஆனாலும் 41 என்பது சின்ன எண் அல்ல. தோற்ற ஆத்திரத்தில் 41 பேர் மூலையில் உட்கார்ந்துகொண்டால், எந்த மந்திரிசபையும் நிம்மதியாக நடக்காது. பிரகாசத்துக்கு வந்த கதி எல்லாருக்கும் நினைவில் இருந்தது. மந்திரி பட்டியலில் தோற்றவர்களின் பெயர் இருக்காது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஊர் வழக்கமும் அதுதானே!

எட்டே பேர்

1954 ஏப்ரல் 13-ந் தேதி புதிய மந்திரிசபை பதவி ஏற்றது. காமராஜரையும் சேர்த்து மொத்தம் எட்டே பேர்.

அந்த எட்டுப் பேரில் சி.சுப்பிரமணியம் இருந்தார்!

அவரைப் பிரேரேபித்த பக்தவத்சலமும் இருந்தார்!

ஏதோ ஒப்புக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார் என்று எண்ணவேண்டாம். பணப்பெட்டிச் சாவியான நிதி இலாகா சுப்பிரமணியத்திடம்தான். கல்வி இலாகாவும் அவரிடம்தான். எந்தக் கல்வித் திட்டத்தால் அத்தனை சண்டையும் வந்ததோ, அதே கல்வி இலாகா! அடுத்த மே மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நேரத்தில் கல்வி மந்திரி, ராஜாஜியின் வலது கையாக இருந்த சுப்பிரமணியம்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் கெட்டிக்காரத்தனமும் இருந்தது. சுப்பிரமணியத்துக்குச் சட்டமும் தெரியும், கணக்கும் தெரியும். காமராஜருக்கு அப்படிப்பட்ட ஆள் தேவை. மேலும், தலைவரே மந்திரிசபைக்குள் போய்விட்டால், 41 பேரும் யாரை வைத்துக் கோஷ்டி நடத்துவது?

மற்ற மந்திரிகளையும் யோசித்துத்தான் எடுத்தார். ராமசாமி படையாச்சி, மாணிக்கவேலு இருவரும் 1952-ல் காங்கிரசை எதிர்த்து ஜெயித்த கட்சிகளின் தலைவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் அறநிலைய இலாகாவைக் கொடுத்தார். கோவில் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், கோவில்களுக்கு மந்திரியானார்!

காமராஜர் சட்டசபைக்கு வர, குடியாத்தத்தில் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டு வேட்பாளர் எதிர்த்து நின்றார். பெரியாரும் தி.மு.கழகமும் காமராஜரை ஆதரித்தார்கள். சுலபமாக ஜெயித்தார்.

அந்த மந்திரிசபை கவிழவில்லை. காமராஜர் ஒன்பதரை ஆண்டு முதல் மந்திரியாக இருந்தார். பள்ளிக்கூடங்கள் பெருகின, மதிய உணவு வந்தது. அத்தனைக்கும் பணம் ஒதுக்கியவர், அவரிடம் தோற்றவர்தான். 1963 அக்டோபர் 2-ந் தேதி, கட்சி வேலைக்காகக் காமராஜர் தாமாகவே பதவியை விட்டு இறங்கினார். அவருக்குப்பின் முதல் மந்திரியானவர் யார்? எதிராளியைப் பிரேரேபித்த அதே பக்தவத்சலம்!

டெல்லியில் நடந்தது

காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1964 மே 27-ந் தேதி நேரு காலமானார். அடுத்த பிரதமர் யார் என்பதில் போட்டி வரும் போல் இருந்தது. காமராஜர் ஒவ்வொருவரிடமும் பேசி, ஓட்டுப்பெட்டி இல்லாமலே லால்பகதூர் சாஸ்திரியைத் தேர்ந்தெடுக்க வைத்தார்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் திடீர் என்று இறந்தார். இந்தத் தடவை மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை. "ஓட்டுப் போட்டுப் பார்க்கலாம்" என்று நின்றார். காமராஜர் மாநில முதல் மந்திரிகளை இந்திரா காந்தி பக்கம் சேர்த்தார். ஜனவரி 19-ந் தேதி பார்லிமெண்டு மண்டபத்தில் ஓட்டெடுப்பு. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169.

1954-ஐப் போலவே பெரிய வெற்றி. ஆனால், தோற்ற மொரார்ஜி மந்திரிசபைக்கு வெளியே இருந்தார். 1967 தேர்தலில் கட்சி இளைத்த பிறகுதான், சமாதானம் பேசி அவரைத் துணைப் பிரதமராக்கி, நிதி இலாகாவையும் கொடுத்தார்கள். அந்தச் சமாதானம் நெடுநாள் நிற்கவில்லை. 1969 ஜூலை 16-ந் தேதி இந்திரா காந்தி அவரிடமிருந்து நிதி இலாகாவை எடுத்துக்கொண்டார். மொரார்ஜி பதவியை விட்டு விலகினார். மூன்றாம் நாள் 14 பாங்குகள் நாட்டுடைமை ஆயின. நவம்பரில் இந்திரா காந்தியையே கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1885-ல் பிறந்த காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். சி.சுப்பிரமணியம் இந்திரா காந்தி பக்கம் போனார். 1954-ல் எதிர் எதிரே நின்று, பிறகு ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்த இரண்டு பேரும், 15 ஆண்டு கழித்து மறுபடியும் எதிர் எதிரே நின்றார்கள். இந்தத் தடவை இருவரையும் கூப்பிட்டு ஒரே மேஜையில் உட்கார வைக்க யாரும் இல்லை.