கண் பார்த்தது ஒன்று, கை வாங்கியது இன்னொன்று

பங்குச் சந்தையில் பணம் போட்டு நட்டப்பட்ட நம் வியாபாரிகளிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று, கம்பனி சரியில்லை. மற்றது, வாங்கிய நேரம் சரியில்லை. மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அது நம் மேசையின் மேலேயே இருக்கும் கணனித் திரை. அந்தத் திரையில் சாளரங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், ஒன்றோடொன்று எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நல்ல கம்பனியை நல்ல நேரத்தில் வாங்கப் போனவரும் நட்டத்தோடு எழும்பலாம். பங்கு வாங்குவது பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே பேசப்போவது திரையைப் பற்றித்தான்.

நான் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுபவன். பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபரில் மற்றவர்களைப் போல நாங்களும் வெளியேறிப் புத்தளம் போனோம். அதற்கு முன் வாப்பாவுக்கு யாழ் நகரில் ஓர் இரும்புக் கடை இருந்தது. அந்தக் கடையில் வேலை பழகிய அண்ணை ஒருவர் இப்போது பண்டத்தரிப்பில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். சீமெந்து, கம்பி, பெயின்ற், குழாய் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டி அவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

கடந்த முறை போனபோது அண்ணை முகம் கொடுத்துப் பேசவில்லை. தேநீர் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“தம்பி, நான் வாங்கப் போனது ஒண்டு, கைக்கு வந்தது வேறொண்டு. இருபதினாயிரம் ரூபாக்குக் கிட்டப் போட்டுது. உங்கட வாப்பா இருந்திருந்தா எனக்கு நல்லாக் கிடைச்சிருக்கும்.”

ஓர் எழுத்து வித்தியாசம்

அண்ணை தன் கடையில் விற்கும் சீமெந்தின் கம்பனிப் பங்கையே வாங்க விரும்பியிருந்தார். டோக்கியோ சிமெந்து கம்பனிக்குக் கொழும்பு பங்குச் சந்தையில் இரண்டு வகைப் பங்குகள் உண்டு. ஒன்று வாக்குரிமை உள்ளது, மற்றது வாக்குரிமை அற்றது. திரையில் இரண்டுக்கும் முன்பகுதிக் குறியீடு ஒன்றேதான். புள்ளிக்குப் பின்னால் வாக்குரிமை உள்ளதற்கு ‘என்’ என்ற எழுத்தும், அற்றதற்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் வரும். அதற்குப் பின் இரண்டிலும் நான்கு பூச்சியம். வாக்குரிமை அற்ற பங்கு பொதுவாகக் குறைந்த விலைக்கே போகும்.

அன்று நடந்தது இதுதான். முதல் நாள் அண்ணை ஓடர் சாளரத்தில் ‘எக்ஸ்’ பங்கைச் சும்மா விசாரித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார். மறுநாள் காலையில் பட்டியலில் ‘என்’ பங்கைக் கிளிக் செய்தார். வரைபடம் ‘என்’னுக்கு மாறியது. வாங்குவோர் விற்போர் வரிசையும் மாறியது. ஓடர் சாளரம் மட்டும் மாறவில்லை. அதன் பிணைப்பு எப்போதோ கைதவறி அறுபட்டிருந்தது. அண்ணை வரிசையில் தெரிந்த ‘என்’ விலையைப் பார்த்து, அதையே ஓடர் சாளரத்தில் அடித்து, 4,000 பங்கு என்று போட்டு அனுப்பிவிட்டார்.

சந்தையின் கணனி என்ன செய்யும்? வாங்குபவர் ஓர் உச்ச விலை சொன்னால், அதற்குக் கீழே விற்க நிற்பவர்களை மலிவானவரிலிருந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே மேலே போகும். ‘எக்ஸ்’ பங்கை விற்க நின்றவர்கள் அன்று குறைவு. அண்ணை சொன்னதோ உயர்ந்த ‘என்’ விலை. ஆகவே வரிசையில் நின்ற அத்தனை பேரையும் அது வழித்து எடுத்தது. கேட்காத பங்கு, கொடுக்கத் தேவையில்லாத விலைக்கு வந்து சேர்ந்தது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பனியையும் குறை சொல்ல முடியாது.

சாளரங்களைப் பிணைப்பது என்றால் என்ன?

பங்கு வியாபாரத் திரையில் வழக்கமாக ஐந்தாறு சாளரங்கள் திறந்திருக்கும். கவனித்து வரும் பங்குகளின் பட்டியல் ஒன்று. விலை ஏறி இறங்கிய வரைபடம் ஒன்று. வாங்குவோர் விற்போர் வரிசை ஒன்று. கம்பனி அறிவித்தல்கள், நம் கையிருப்பு, கடைசியாக ஓடர் போடும் சாளரம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பங்கின் பெயரை அடிப்பதென்றால் பொழுது போய்விடும். அதனால் ஒன்றில் தெரிவு செய்தால் மற்றவையும் அதே பங்குக்கு மாறும்படி பிணைத்து விடுகிறார்கள்.

ஒரே அலைவரிசைக்குத் திருப்பி வைத்த வானொலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாளரம் “இப்போது இந்தப் பங்கு” என்று அறிவிக்கும். அதே அலைவரிசையில் இருக்கும் சாளரங்கள் கேட்டு மாறிக்கொள்ளும். எந்தச் சாளரம் எந்த அலைவரிசை என்று காட்ட மூலையில் ஒரு நிறம் இருக்கும். அமெரிக்காவின் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் மென்பொருளில் இந்த நிற முறைதான். திங்க்ஓர்ஸ்விம் என்ற மென்பொருளில் நிறத்தோடு இலக்கமும் இருக்கும். 2017இல் தொடங்கிய எஃப்.டி.சி.3 என்ற பொது நியமம், வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய மென்பொருள்கள்கூட ஒரே மேசையில் இப்படிப் பேசிக்கொள்ள வழி செய்தது. அதிலும் அலைவரிசைகளுக்கு நிறங்கள் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு பங்குகளை அருகருகே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவருக்கு இரண்டு நிறம் தேவை. சிவப்பில் சீமெந்து, நீலத்தில் ஹோட்டல் என்று வைத்துக்கொள்வார். ஆகவே பிணைப்பை அறுக்கும் வசதியும் அவசியம்தான். அறுந்திருப்பது கண்ணுக்குப் படாமல் இருப்பதே ஆபத்து. நிறத்தை மட்டும் நம்புவதும் போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நம்மிடையே நூற்றுக்குச் சிலராவது இருக்கிறார்கள். நிறத்தோடு இலக்கமும் போடுவது அவர்களுக்காகவும்தான்.

கடுதாசியில் ஒரு சோதனை

“உது உங்கட தொழில்தானே, எப்பிடிச் செய்தா பிழை வராது எண்டு காட்டுங்கோ” என்றார் அண்ணை. கடையில் கிடந்த பெயின்ற் விளம்பரத் தாள்களைச் சாளரங்களாக வெட்டி மேசையில் பரப்பினேன். நாங்கள் மென்பொருள் செய்வதற்கு முன் இப்படிக் கடுதாசியில் பார்ப்பதுண்டு. செலவில்லாத சோதனை.

என் முதல் யோசனை எளிமையானது: ஓடர் சாளரத்தின் பிணைப்பை அறுக்கவே முடியாதபடி செய்துவிடுவது. பட்டியல் எங்கே போகிறதோ ஓடரும் அங்கே போகும். கண்ணும் கையும் பிரியாது. எனக்கு இது சரியான வழியாகவே பட்டது.

அண்ணை பேனையை எடுத்து ஓடர் தாளில் எண்ணிக்கையையும் விலையையும் எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, மற்றக் கையால் பட்டியலில் வேறொரு பெயரைத் தொட்டார். “இப்ப நான் உதின்ர விலையை ஒருக்காப் பாக்கிறன் எண்டு வையுங்கோ. இஞ்ச என்ர ஓடரில பேர் மாறிப் போச்சு. நான் எழுதின விலை அப்பிடியே நிக்குது. அனுப்பினா என்ன நடக்கும்?”

நான் வாயடைத்துப் போனேன். அறுந்த பிணைப்பால் அவர் நட்டப்பட்டார். அறுக்க முடியாத பிணைப்பாலும் அதே நட்டம் வரும். ஒன்றில் ஓடர் சாளரம் பின்தங்கி நிற்கிறது, மற்றதில் சொல்லாமல் ஓடுகிறது. பல வருடமாக மென்பொருள் எழுதும் எனக்குப் படாதது, நாள் முழுக்கக் கல்லாவில் நிற்பவருக்கு இரண்டு நிமிடத்தில் பட்டது.

அப்போதுதான் இருவருக்கும் வாப்பாவின் கடை நினைவு வந்தது. எத்தனை பேர் வந்து என்ன விலை கேட்டாலும் வாப்பா பதில் சொல்லுவார். பில் புத்தகத்தில் பேனை வைத்துவிட்டால் அந்தப் பில் முடியும்வரை வேறு பொருள் பேசமாட்டார். முடித்ததும் “இன்ன கம்பி, இத்தனை அந்தர், இன்ன விலை” என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே தாளைக் கிழித்துக் கொடுப்பார்.

திரைக்கும் அதே ஒழுங்கு போதும். பார்க்கும் சாளரங்கள் எப்படியும் ஒன்றையொன்று தொடரட்டும். பணம் போகும் சாளரம் மட்டும் வேறு சட்டத்தில் நடக்க வேண்டும். நாங்கள் அன்று மேசையில் தீர்த்த விதிகள் இவை:

1. ஓடர் சாளரம் காலியாக இருக்கும்வரை மற்றவற்றைத் தொடரலாம். முதல் இலக்கத்தை அடித்தவுடன் பங்கின் பெயர் பூட்டப்பட வேண்டும். அனுப்பினால் அல்லது ரத்துச் செய்தால்தான் பூட்டுத் திறக்க வேண்டும்.

2. குறியீடு மட்டும் போதாது. கம்பனியின் முழுப் பெயரும், ‘வாக்குரிமை உள்ளது’ அல்லது ‘வாக்குரிமை அற்றது’ என்ற சொல்லும் பெரிய எழுத்தில் தலையில் நிற்க வேண்டும்.

3. பக்கத்துச் சாளரம் ஒரு பங்கையும் ஓடர் சாளரம் வேறு பங்கையும் காட்டினால், அதை ஓடர் சாளரத்தின் உள்ளேயே சொல்ல வேண்டும்.

4. சாளரங்களை அடுக்கிய ஒழுங்கை மறுநாளுக்குச் சேமித்து வைக்கலாம். ஓடர் சாளரத்தில் கிடந்த பெயரையும் எண்ணையும் சேமிக்கக் கூடாது. காலையில் அது வெறுமையாகவே திறக்க வேண்டும்.

5. அடித்த விலை அந்தப் பங்கின் கடைசி விலையிலிருந்து பெரிதும் விலகினால், மொத்தத்தில் எத்தனை ரூபா கூடுகிறது என்று காட்டிக் கேட்க வேண்டும்.

நாலாவது விதி ஒன்று இருந்திருந்தாலே அண்ணையின் பணம் தப்பியிருக்கும்.

‘சரியா?’ என்ற பெட்டி

“அனுப்பும்போது சரியா என்று கேட்டிருக்குமே அண்ணை?” என்று கேட்டேன். “கேட்டது தம்பி. எல்லாத்துக்கும்தான் கேக்கும். நானும் ஓம் எண்டு அமத்திப் போட்டன்” என்றார்.

இது பெரியவர்களுக்கும் நடந்ததுதான். 2005 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானில் மிசுஹோ செக்கியூரிட்டீஸ் என்ற தரகர் நிறுவனம், ஜே-கொம் என்ற கம்பனியின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியிருந்தது. ஓடர் போட்டவர் இரண்டையும் மாற்றி, 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகப் போட்டுவிட்டார். அந்தக் கம்பனி வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான். திரையில் எச்சரிக்கை வந்தது. அதையும் தாண்டி அனுப்பினார்கள். ரத்துச் செய்ய முயன்றபோது டோக்கியோ சந்தையின் கணனி ஏற்கவில்லை. நட்டம் ஏறத்தாழ 4,000 கோடி யென்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கும் பெட்டி எதற்கும் எச்சரிப்பதில்லை. கை அதற்குப் பழகிவிடும். அரிதாக வந்து, என்ன பிழை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் மனிதன் நின்று வாசிப்பான்.

1997இல் கணனி முறை வரும்வரை கொழும்பு பங்குச் சந்தையில் தரகர்கள் கூடத்தில் கூடிக் குரல் கொடுத்தே வியாபாரம் செய்தார்கள். ஒருவர் சொன்ன பெயரைப் பக்கத்தில் நிற்பவரும் கேட்பார். இன்று பண்டத்தரிப்பில் ஓர் அறையில் தனியே இருந்து வாங்குபவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது திரைதான்.

நம் கடைகளுக்கு என்ன பாடம்?

பங்கு வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் கடைக் கணனியிலும் வாடிக்கையாளர் கணக்கு ஒரு சாளரம், சரக்கு இருப்பு ஒரு சாளரம், பில் ஒரு சாளரம். இடையில் ஒருவர் வந்து தன் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார். காசாளர் அவர் கணக்கைத் திறக்கிறார். பாதியில் நின்ற பில்லின் பெயர் மாறிவிடுகிறதா, இல்லையா? மாறினால் ஒருவர் வாங்கிய கடன் இன்னொருவர் பெயரில் ஏறும். அவர் வந்து சண்டை பிடிக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. ஒருவரின் கடனை மற்றவர் தலையில் எழுதுவது சின்ன விடயமல்ல.

மென்பொருள் விற்க வருபவரிடம் எத்தனை வசதி உண்டு என்று கேட்பதற்கு முன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பில்லைப் பாதி அடித்துவிட்டு வேறு பெயரைத் திறக்கச் சொல்லுங்கள். கணனியை மூடித் திறந்து, நேற்றைய பெயர் பில்லில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் இருந்தால் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்று கேளுங்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும்.

நாங்கள் எழுதிய ஐந்து விதிகளையும் அண்ணை தன் தரகர் நிறுவனத்திடம் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்களாம், பதில் இன்னும் இல்லை. அண்ணை அதற்காகக் காத்திருக்கவில்லை. எல்லாச் சாளரங்களையும் ஒரே நிறத்துக்குக் கட்டிவிட்டார். ஒவ்வொரு நாளும் மாலையில் ஓடர் சாளரத்தை வெறுமையாக்கி மூடுகிறார். அனுப்பும் முன் பங்கின் பெயர், வகை, எண்ணிக்கை, விலை நான்கையும் வாய்விட்டுச் சொல்லுகிறார். கடைக்கு வந்தவர்கள் அண்ணை கணனியோடு கதைக்கிறார் என்று சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு தடவையும் பிழைக்கவில்லை என்றார்.