காப்பகக் கதவைத் தட்டுவது யார்?

செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன், 2022ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்துபோனான். பேட்டரி திருடியதாக அவன்மீது புகார். உள்ளே போய் ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. வலிப்பு வந்துவிட்டது என்றுதான் தாயிடம் முதலில் சொன்னார்கள். உடற்கூறாய்வு வேறு கதை சொன்னது. உடம்பெல்லாம் காயம். இல்லக் கண்காணிப்பாளர் உட்பட 6 ஊழியர்கள் கைதானார்கள்.

இதையடுத்து 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அவர் இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, அதே ஆண்டில் அறிக்கையும் கொடுத்துவிட்டார். இவ்வில்லங்களுக்கெனத் தனி இயக்குநரகம் வேண்டும் என்பது பரிந்துரைகளில் ஒன்று. அதே நீதிபதி பள்ளிகளில் சாதி மோதல் குறித்து 2024இல் கொடுத்த அறிக்கையைப் பற்றித் தெருவுக்குத் தெரு பேசினோம். கூர்நோக்கு இல்ல அறிக்கையைப் பற்றி நம் கூட்டங்களிலேகூட யாரும் கேட்பதில்லை. திருட்டு வழக்கில் மாட்டிய பையனுக்காகப் பேச நமக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சம்தான் அடிக்கிறவனுக்குத் துணை.

இதற்கு முன்னும் இதே மாவட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. மாமல்லபுரம் பகுதியில் அனாதை இல்லம் என்ற பெயரில் நடந்தவற்றில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007இல் நாளிதழில் செய்தி வந்தது. அதைச் சுட்டிக்காட்டி எழுதப்பட்ட கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. தீர்ப்பு வந்தது 2017 மே 5 அன்று. பத்து ஆண்டு. கடிதம் போனபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வரும்போது பதினெட்டு. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சட்டத்தில் பெரிய ஓட்டை இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015ஐ எடுத்துப் படித்தால் தெரியும். மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். மாதம் 20 நாளாவது அமர வேண்டும். முதல் வகுப்பு நடுவருக்குள்ள அதிகாரம் உண்டு. மாதம் இரண்டு முறை இல்லங்களுக்குப் போக வேண்டியதும் அவர்கள் கடமை. அதுபோக ஆய்வுக் குழு ஒன்று தனியாக உண்டு. மூன்று பேருக்குக் குறையாமல், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் இல்லத்தையும் பார்த்து ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். இல்லத்தில் வேலை செய்கிறவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். 2021இல் செய்த திருத்தம் மாவட்ட ஆட்சியருக்குக் கூடுதல் பொறுப்பு தந்திருக்கிறது. நலக் குழுமீது புகார் என்றால் அவரிடமே போகலாம்.

செங்கல்பட்டு இல்லத்துக்கும் இதே சட்டம்தான். அப்படியானால் எங்கே இடறுகிறது? பார்க்கப் போகிறவர்கள் யாரென்று பார்த்தால் புரியும். நலக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும், குழந்தைகள் விஷயம் அறிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஆய்வுக் குழுவுக்கும் அப்படித்தான். செங்கல் சூளைக்குப் போன தாய் எதற்காகப் பிள்ளையை இல்லத்தில் விட்டாள் என்பது அந்த மேசையில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? "பெற்றோர் அக்கறையில்லாதவர்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுவது எளிது. உறுப்பினர் பதவிக்காலம் மூன்றே ஆண்டு. புதியவர்களுக்கான அறிவிப்பு நாளிதழ்களில் வருகிறது. சமூகப்பணி, சட்டம், உளவியல் படித்துக் களத்தில் நிற்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகள் நலம் சார்ந்த பணியில் ஏழாண்டு அனுபவம், அல்லது உரிய பட்டத்துடன் தொழில் செய்பவராக இருத்தல் என்பது தகுதி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய சிறுவர்களும் கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். அவர்கள்மீதும் ஓர் அடி விழக் கூடாது என்பதே நம் நிலை. இல்லம் அடிக்கிற இடமாக இருந்தால் அங்கிருந்து திருந்தி வருகிறவன் எவனும் இருக்க மாட்டான்.

இனி, குற்றம் எதுவும் செய்யாமல் வறுமையால் மட்டும் இல்லங்களுக்குப் போகும் பிள்ளைகள். சட்டம் இதில் தெளிவு: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அதற்காகவே மிஷன் வத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு வைத்திருக்கிறார்கள். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை, தாய் தந்தையர் தீராத நோயில் படுத்துவிட்ட பிள்ளை ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். மாதம் ஆறாயிரம் என்று கணக்கு. களையெடுக்கப் போகிற தனித் தாய்க்கு அதுவே கிடைக்காத மாதங்கள் உண்டு. வருமானச் சான்றில் மட்டும் அதற்குமேல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு தாளில் பிள்ளையின் இடம் மாறிப்போகிறது. சான்று வாங்கும்போதே உடன் ஒருவர் போங்கள்.

தமிழ்நாடு அரசின் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் மாதம் 2,000 ரூபாய். இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ மனு கொடுக்கலாம். "இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், சாப்பாடும் படிப்பும் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஊருக்குள் வந்து யார் சொன்னாலும், முதலில் இந்த மனுவைப் போடச் சொல்லுங்கள். அப்படியும் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அந்த இல்லத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நலக் குழுவின் ஆணை இல்லாமல் பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. நம் மாவட்டத்தில் சென்ற ஓராண்டில் ஆய்வுக் குழு எந்தெந்த இல்லத்துக்கு எந்தெந்தத் தேதியில் போனது, நலக் குழு எத்தனை நாள் அமர்ந்தது, நிதி ஆதரவு கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, தள்ளுபடி ஆனவை எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை கிராம சபையில் வாசியுங்கள். ஊராட்சித் தலைவர் தலைமையிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். அவசரம் என்றால் 1098. ஆனால் மனுவிலோ மேடையிலோ வாட்ஸ்அப்பிலோ எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் வர வேண்டாம். அதை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.